மருதாணி மறைத்த கால்

ஐ.சி.யு.வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

உங்கள் மேட்ரன் போன மாதம் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு, "சும்மா டி.வி. பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே அக்கா, எங்க பசங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஒரு காலத்தில் என் பக்கத்தில் நின்று ஊசி போடவே கை நடுங்கியவள், இப்போது எனக்கே வேலை வைக்கிறாள். அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை.

மெஷின் ஓட்டுவதைப் பற்றியோ மருந்து கலப்பதைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு காலைப் பற்றி. செல்வி என்ற பெண்ணின் வலது கால்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. அடையாறு ஆற்றைத் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனை. இதய ஐ.சி.யு.வில் நான்தான் பொறுப்பு சிஸ்டர். செல்விக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். கணவர் முத்துக்குமார், தி.நகரில் ஒரு பெரிய பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர். எவர்சில்வர் குடம் வாங்கினால், 'அன்பளிப்பு' என்று போட்டுக் கொடுப்பவர் பெயரை ஒரு சின்ன மெஷினால் டர்ரென்று எழுதித் தருவார்களே, அந்த வேலை. மாம்பலத்தில் ஒற்றை அறையில் இருவரும் குடித்தனம். கல்யாணமாகி முதல் குழந்தை.

செல்விக்குச் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வளைகாப்பு அன்றைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. மாசமாக இருப்பவளுக்கு மூச்சு வாங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வாரமே படுக்க முடியாமல் போய், வேறொரு ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, அழகாக இருந்தது. தாய்க்குத்தான் நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொண்டது. உடனே எங்களிடம் தூக்கிவந்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் அன்றே வால்வை மாற்றினார். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் பெரிய டாக்டர் என்றே வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க்காரர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், கை மட்டும் தங்கக் கை. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் களைத்துப் போயிருந்த இதயம் தானாக ஓட மாட்டேன் என்றது. ஆபரேஷன் நேரத்தில் இதயத்தின் வேலையைச் செய்த மெஷினை நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். ஓட்டினால் இறங்காமல் நிற்கும். கடைசியில் அந்த ஹார்ட்-லங் மெஷினை அவளோடு சேர்த்து ஐ.சி.யு.வுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இதயம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், அதுவரை மெஷின் அவளைத் தாங்கட்டும் என்று ஏற்பாடு. உங்களுக்கு இது பழகிப்போன வேலை. எங்களுக்கு அன்று வார்டுக்குள் யானை வந்த மாதிரி இருந்தது, எங்கே நிற்பது, எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை.

அவளுடைய வலது தொடையில் இரண்டு குழாய்கள். ஒன்று கறுத்த ரத்தத்தை இழுத்து மெஷினுக்குக் கொடுக்கும். மெஷின் அதில் பிராணவாயு ஏற்றி, இன்னொரு குழாய் வழியாகத் தொடையின் பெரிய ரத்த நாளத்துக்குள் திருப்பித் தள்ளும். அங்கிருந்து ரத்தம் மேலே ஏறி மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். உயிர் தங்கியது அதனால்தான். ஆனால் விரல் பருமனுள்ள குழாய் அந்த நாளத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதற்குக் கீழே இருக்கும் காலுக்கு யார் சோறு போடுவது? இன்று நீங்கள் பெரிய குழாய் போடும்போதே காலுக்கென்று ஒரு சின்னக் குழாயும் போட்டுவிடுகிறீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அந்த வழக்கம் இல்லை. விரல் சிவப்பாக இருக்கிறதா, சரி. வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா, டாக்டரைக் கூப்பிடு. அவ்வளவுதான் எங்கள் காவல்.

செல்வியின் கால் விரல்கள் சிவப்பாகத்தான் இருந்தன. வளைகாப்புக்கு இலை பறித்து அரைத்து வைத்த மருதாணி. விரல் நுனியெல்லாம் தொப்பி, பாதத்தைச் சுற்றி ஓரத்தில் ஒரு கரை, நகமெல்லாம் குங்குமம். அம்மா கை மருதாணி, அப்படிப் பிடித்திருந்தது. டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார், சிவப்பு என்றார். நர்ஸ் பிள்ளைகள் பார்த்தார்கள், சிவப்பு என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சிவப்புதான்!

தொட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தொடையிலிருந்து வரும் குழாய் கொஞ்சம் இழுபட்டால் உயிர் போய்விடும். மெஷினைப் பார்த்துக்கொண்ட கோபால் பட்டினப்பாக்கத்துக்காரர், வாய் ஓயாது. அந்தப் பக்கம் யார் போனாலும் கத்துவார். "யாரும்மா அது? டியூப் பக்கத்துல இன்னா வேல உனக்கு? பம்ப்பு ஓடிக்கினு கீது, தெரியல?" அவர் பயம் நியாயமான பயம். அதனால் எல்லோரும் இடது பக்கமாகவே நின்று வேலை பார்த்தோம். இடது காலைத்தான் தொட்டோம், நாடி பார்த்தோம். எந்தக் காலுக்கு ஆபத்தோ அந்தக் காலில் மட்டும் யார் கையும் படவில்லை. பயந்த இடத்தை விட்டு விலகி நிற்பது மனுஷ சுபாவம், நம் வேலையில் அது ஆகாது.

மறுநாள் முற்பகல். உடம்பில் நீர் சேர்ந்து பாதங்கள் வீங்க ஆரம்பித்தன. இரண்டு கால்களிலும் மெட்டி. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும்போது தாலியைக் கழற்றி அவள் அம்மா கையில் கொடுத்திருந்தார்கள். மெட்டி சீக்கிரம் வரவில்லை, அவசரத்தில் மேலே பிளாஸ்டர் ஒட்டி விட்டுவிட்டார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான் செய்வோம். இப்போது வீக்கத்தில் மெட்டி விரலுக்குள் புதைய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் விரலை நெரித்துவிடும். கழற்றியாக வேண்டும்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் சொன்னேன். "ரிங் கட்டர் இருக்கோன்னோ? வெட்டி எடுத்துடுங்கோ. இதையெல்லாம் எங்கிட்ட கேட்கணுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வியின் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனேன். நல்ல உயரமான மனுஷி. மகளுடைய தாலியை மஞ்சள் துணியில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். மெட்டி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார்.

"தாலியக் கழத்திக் கையில குடுத்திய. வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டேன். இப்பம் மெட்டியையும் கழத்தணும்னு சொல்லுதிய. எம் புள்ள பொழைக்காதுன்னு முடிவு கட்டிட்டியளா? அதையாவது சொல்லிருங்க!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. கால் வீங்குது. விரலுக்கு ஆபத்து, அதனாலதான்."

"வெட்டவா போறிய?"

மெட்டியைத்தான் என்று தலையசைத்தேன். அந்த அம்மாள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மெட்டி போடும் பாக்கியம் வாய்க்கவில்லை, அதற்காக நான் அழுததும் இல்லை. ஒரு வெள்ளி வளையத்துக்கு இவ்வளவா என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. உள்ளே போய் வெட்டிவிட்டால் ஒரு நிமிட வேலை. யாரும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இன்னும் எத்தனையோ வரப் போகிறது. ரத்தம் வேண்டும் என்று இவரிடம்தான் நிற்க வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று இவரிடம்தான் வர வேண்டும். நாங்கள் மகளைக் கைவிட்டுவிட்டோம் என்று இவர் மனதில் ஒரு தடவை விழுந்துவிட்டால், அப்புறம் நாங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. விரலில் இன்னும் நீலம் பாயவில்லை, கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வெள்ளி மெட்டி தேய்ஞ்சு போனா உங்க ஊர்ல என்னம்மா பண்ணுவீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாத்துவோம்."

"யாரு மாத்துவாங்க?"

"கட்டுனவந்தான். அவன்தான் பழசக் கழத்திப் புதுசு போட்டு விடுவான்."

"அப்ப அவரையே கழற்றச் சொல்வோம். பத்திரமா அவர்கிட்டயே இருக்கட்டும். செல்வி எழுந்ததும் அவரே மாத்திப் போடட்டும்."

அந்த அம்மாள் இடுப்பிலிருந்த மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "வெறும் விரலா விடக் கூடாது. மஞ்சள் நூலாவது கட்டணும்" என்றார்.

"விரல்ல எதுவும் கட்டக் கூடாதும்மா, அதுக்காகத்தானே இவ்வளவும். கட்டில்ல கட்டிக்கோங்க."

"கட்டில்லயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கட்டில்லயே கெட்டுங்க. என்ன செய்ய."

பெரிய டாக்டர் திரும்பி வரும்போது நான் முத்துக்குமாருக்கு கவுன் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். "என்ன சிஸ்டர் இது, இங்கே கல்யாணமா நடக்கறது? வெட்டுங்கோன்னு சொன்னேனே!" என்று சீறினார். "கொஞ்ச நேரம் குடுங்க சார். வரலேன்னா நானே வெட்டிடறேன்" என்றேன். முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முத்துக்குமார் ஒல்லியான ஆள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. செல்வியை அந்தக் கோலத்தில் பார்த்ததும் கால் தயங்கியது. வாயில் குழாய், மார்பில் கட்டு, பக்கத்தில் கடமுடவென்று ஓடும் மெஷின். கோபால் தன் ஸ்டூலைக் கால்மாட்டில் நகர்த்திப் போட்டார். "உக்காரு நைனா. அந்த டியூப்பு மேல மட்டும் கை வச்சிராத. மத்தபடி உன் சம்சாரம், உனக்கு இல்லாத உரிமையா? பயப்படாத."

சோப்புத் தண்ணீரும் பஞ்சும் கொடுத்தேன். முதலில் இடது கால். மெதுவாகத் திருகித் திருகி, ஒரு கீறல்கூட இல்லாமல் எடுத்துவிட்டார். நாள் முழுக்க மெல்லிய தகட்டில் எழுத்து வெட்டுகிற கை, அவசரப்படவில்லை. பிறகு வலது கால். மேலே இருந்த குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதத்தைத் தூக்காமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினார். அதிலும் மெட்டி வந்துவிட்டது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் இரண்டு பாதங்களுக்கு அடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கும்பிடுகிறார் போலிருக்கிறது என்று நானும் ஒதுங்கி நின்றேன்.

அப்போது தலையைத் தூக்கி என்னிடம் கேட்டார்.

"சிஸ்டர், இந்தக் காலுக்கு மட்டும் ஒரு கம்பளி போட்டு விடுங்களேன். பாவம், குளிருது போல. ஐஸ் மாதிரி இருக்கு."

பிள்ளைகளே, கம்பளி எடுக்க நான் போகவில்லை. கோபால் கத்துவார் என்பதெல்லாம் மறந்து வலது பக்கம் போய்க் கையை வைத்தேன். பாதம் ஜில்லென்று இருந்தது. கணுக்கால் ஜில். ஆடுசதையின் பாதி வரை ஜில். இடது காலைத் தொட்டேன், வெதுவெதுவென்று இருந்தது. வலது பாதத்தில் நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. நகத்தை அழுத்திப் பார்த்தேன். மருதாணி நகம் அழுத்தினாலும் சிவப்பு, விட்டாலும் சிவப்பு. காலை லேசாகத் திருப்பி, மருதாணி படாத உள்ளங்கால் குழிவைப் பார்த்தேன். மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது.

"சாரைக் கூப்பிடுங்க! ஓடுங்க!" என்று கத்தினேன். என் சத்தத்தில் ஒரு புது நர்ஸ் பயந்து, நல்லெண்ணத்தில் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கம்பளி கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் கையைத் தட்டிவிட்டேன். ரத்தம் ஓடாத காலுக்குச் சூடு வைத்தால் வெந்து போகும். குளிர்ந்த காலைப் பார்த்ததும் சூடு காட்டத்தான் நமக்குத் தோன்றும். அன்பில்தான் தோன்றும். இந்த இடத்தில் அந்த அன்பை அடக்கிக்கொள்ளுங்கள். காலுக்கு வேண்டியது ரத்தம்.

பெரிய டாக்டர் வந்தார். எனக்குப் பயம், எல்லோரையும் கிழிக்கப் போகிறார் என்று. அவர் நேராகக் கால்மாட்டுக்குப் போனார். குனிந்து இரண்டு கால்களையும் தொட்டார். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, கண் கலங்கியிருந்தது.

முத்துக்குமார் இன்னும் ஸ்டூலில் இருந்தார், அவரை வெளியே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. பெரிய டாக்டர் அவர் முன்னாலேயே நின்று சொன்னார். "உங்ககிட்ட மறைக்கப் போறதில்லை. இந்தக் குழாயாலதான் அவ உயிரோட இருக்கா. இதே குழாய்தான் காலுக்கு ரத்தம் போகாம அடைச்சிண்டிருக்கு. எடுத்தா உயிர் தங்காது. அப்படியே விட்டா கால் அழுகிடும், அப்பறம் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரும்."

முத்துக்குமார் எழுந்து நின்றார். "எனக்கு ரெண்டும் வேணும் சார்."

"எனக்கும் ரெண்டும் வேணும்" என்றார் பெரிய டாக்டர். கோபாலிடம் திரும்பினார். "உள்ளே போற லைன்லேர்ந்து ஒரு கிளை பிரிக்க முடியுமா? சின்னதா. பெரிய குழாய்க்குக் கீழே, பாதத்தைப் பாக்க ஒண்ணு போட்டு, காலுக்குத் தனியா ரத்தம் குடுக்கணும்."

கோபால் நாக்கைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "கொயந்தைங்க ஆபரேசனுக்கு வச்சிருக்கிற சின்ன டியூப்பு கீது சார். கனெக்டரும் கீது. ஆனா பிரிக்கச் சொல்ல பம்ப்ப ஒரு நிமிசம் கம்மி பண்ணணும். இதயம் தாங்குமா?"

"தாங்கணும்."

இன்னொரு ஆபத்தும் இருந்தது. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கத்தி வைத்தால் கசிவு நிற்காது. வயிற்றுத் தையல் புதுசு, மார்புத் தையல் அதைவிடப் புதுசு. ரத்தம் நிறைய வேண்டும். நான் வெளியே ஓடினேன். செல்வியின் அம்மாவிடம் கால் குளிர்ந்திருப்பதைச் சொன்னேன், இன்னொரு குழாய் போடப் போவதைச் சொன்னேன், ரத்தம் வேண்டும் என்றேன். கழற்றின மெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாப்பிள்ள கடையில இருக்கிற பயலுவ அத்தனை பேரையும் கூப்பிடுதேன். நீ உள்ள போ தாயி, அவ கூட இரு" என்றார். முதல் தடவையாக என்னை 'நீ' என்று கூப்பிட்டார். தி.நகரிலிருந்து இரண்டு ஆட்டோவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி மகனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான்.

கட்டிலிலேயே செய்தார்கள். கோபால் பம்ப்பைக் குறைத்தபோது மானிட்டரில் ரத்த அழுத்தம் இறங்கியதை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. என் வேலை வலது பாதம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போட்டாச்சு. திற" என்றார் அவர். கோபால் கிளையைத் திறந்தார். சின்னக் குழாயில் செக்கச் செவேலென்று ரத்தம் ஓடியது. காலில் ஒன்றும் தெரியவில்லை. ஜில்லென்றே இருந்தது. மெஷின் கடமுடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு கணுக்காலில் லேசாக ஒரு வெதுவெதுப்பு. என் கைச் சூடுதானோ என்று சந்தேகம். கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். இல்லை, காலின் சூடுதான்! கொஞ்சம் கொஞ்சமாகக் குதிகாலுக்கு இறங்கியது. விரல்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தன. முகமூடிக்குள் எனக்குக் கண்ணீரும் மூக்கும் சேர்ந்து ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. கோபால், "இன்னா சிஸ்டர், வந்துச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "வரும்னு சொன்னேன்ல" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை, மனுஷன்!

அத்தோடு முடிந்துவிடவில்லை. பட்டினி கிடந்த சதைக்குத் திடீரென்று ரத்தம் போனால் உள்ளே வீங்கிக் கல்லாகும், அப்போது தோலைக் கீறித் திறந்துவிட வேண்டி வரும். அந்த மதியம் முழுக்க ஆடுசதையை அழுத்தி அழுத்திப் பார்த்தோம். தெய்வாதீனமாக அதற்குத் தேவை வரவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர் எங்களையெல்லாம் கூட்டி வைத்து இவ்வளவுதான் சொன்னார். "இனிமே யாரும் எங்கிட்ட காலைப் பாத்தேன்னு சொல்லப்படாது. தொட்டேன்னு சொல்லுங்கோ. ரெண்டு காலையும் ஒரே நேரத்துல." பாதத்தில் நாடி கிடைக்கும் இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போடும் வழக்கத்தை நாங்கள் அன்றுதான் ஆரம்பித்தோம். மருதாணிச் சிவப்புக்கு நடுவில் நீலப் பெருக்கல் குறி.

முத்துக்குமாருக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பார்வை நேரத்தில் வந்தால் செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று அழுவார். அழுகிறவருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். "ஸ்டூல்ல உக்காருங்க. ரெண்டு காலையும் தொட்டுப் பாத்து எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பார். "ரெண்டும் ஒண்ணு போல இருக்கு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே தொட்டுப் பார்த்ததுதான். இருந்தாலும் அவர் சொன்ன பிறகு எனக்கும் ஒரு நிம்மதி.

செல்வியின் இதயம் மெல்ல மெல்ல வேலையை எடுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்திக் குழாய்களை எடுத்த அன்று கோபால் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். அவள் கண் விழித்ததும் முதலில் குழந்தையைக் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாட்டியின் கையில் தூங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினோம். கால் கறுக்கவில்லை, அழுகவில்லை. ஒரு விரல்கூடப் போகவில்லை.

ஆனால் பட்டினி கிடந்த நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. நரம்பு அடிபட்டிருந்தது. வலது கணுக்காலுக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி சரியாக இல்லை. ஊசியால் தொட்டாலும் தெரியவில்லை, பாதத்தைத் தூக்கவும் கஷ்டப்பட்டாள். பிசியோதெரபிஸ்ட் பிடித்துக்கொள்ள, கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு நடக்கப் பழகினாள். வீட்டுக்குப் போகும் நாளில் முத்துக்குமார் சட்டைப் பையிலிருந்து மெட்டிகளை எடுத்தார். உணர்ச்சி இல்லாத விரலில் எதுவும் இறுக்கக் கூடாது, இறுகினாலும் அவளுக்குத் தெரியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இடது காலில் மட்டும் போட்டுவிட்டார். நான் பயத்தோடு அந்த அம்மாளைப் பார்த்தேன். "ஒத்த மெட்டி போதும். புள்ள நடக்கால்லா" என்று சொல்லிவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதற்கப்புறம் ஒரு பொங்கல் சமயம். என் தங்கை மகளுக்குச் சீர் வைக்க வேண்டும் என்று தி.நகரில் அந்தப் பாத்திரக் கடைக்குப் போனேன். உள்ளே நுழையவே இடமில்லாத கூட்டம். முத்துக்குமார் மூலையில் உட்கார்ந்து டர்ரென்று பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். நான் எடுத்த தவலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று முதலாளி மகன் ஒரு பக்கம் மல்லுக்கு நின்றான். அந்த நேரத்தில் செல்வி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள், கூடவே அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டிப் பெண். வலது பாதத்தை லேசாகத் தேய்த்துத்தான் நடந்தாள். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பேசிக்கொண்டிருந்தபோது செல்வி சிரித்துக்கொண்டே புகார் சொன்னாள். "சிஸ்டர், நீங்களாவது இவங்ககிட்ட சொல்லுங்க. தெனமும் காலைல கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னால எங் கால் ரெண்டையும் புடிச்சுப் பாக்காங்க. ஊர்லேர்ந்து எங்க அத்தை வந்திருந்தாவ. பொண்டாட்டி கால்லயா விழுதன்னு ஒரே சண்டை. வீடே ரெண்டாயிட்டு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னய்யா இது? அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சே. இன்னுமா பாக்கறீங்க?" என்று கேட்டேன். முத்துக்குமார் தலையைக் குனிந்துகொண்டார், காது சிவந்துவிட்டது.

செல்வி சிரிப்பை நிறுத்தினாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அவங்கள ஒண்ணும் சொல்லாதிய சிஸ்டர். அந்தக் காலு சூடா இருக்கா, ஜில்லுனு இருக்கான்னு எனக்குத் தெரியாதுல்லா. அவங்க தொட்டுச் சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

கையிலிருந்த தவலையைக் கீழே வைத்தேன். பிறகு முத்துக்குமாரிடம் கேட்டேன்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"சூடா இருந்துச்சு சிஸ்டர்" என்றார்.